கணினியின் முகத்தைத் தீர்மானிப்பது யார்?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஆசிரியர்கள், வாலிபர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



2011 செப்டம்பரில் தமிழ்நாடு சர்க்கார் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் துவங்கியது. அதுவரை கணினியைத் தொட்டும் பார்த்திராத விவசாயக் கூலிகளின் வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றது 'பாஸ்' லினக்ஸ். மத்திய சர்க்காரின் சி-டாக் ஸ்தாபனம் சென்னையிலே டெபியனை அடிப்படையாகக் கொண்டு தயாரித்தது. இரண்டாவதை எத்தனை பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள்? உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

திறந்தவுடன் எது முன்னால் நிற்கிறதோ அதுவே பழக்கமாகிவிடுகிறது. மாற்றுகிறவர் மிகச் சிலர். ஆகவே முன்னிருப்பாக எதை வைப்பது என்று தீர்மானிக்கிறவர் லட்சக்கணக்கான பேருக்காகத் தீர்மானிக்கிறார். "மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது, வேண்டியவர் மாற்றிக்கொள்ளட்டும்" என்று சொல்லி அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 என்ன செய்தது? நாம் நமது கணினியில் ஒரு கோப்பைத் தேடினால், தேடிய சொல் வெளியே போய், அமேசான் கடைச் சரக்கு திரையில் வந்து நின்றது. நிறுத்தும் விசை இருந்தது என்றார்கள். இருந்தது, ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் துவக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2016ல் வந்த 16.04ல்தான் அது முன்னிருப்பாக அணைத்து வைக்கப்பட்டது.

அடுத்து, பெயர். அரியலூர்த் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே மண்ணின் சுண்ணாம்புக்கல்தான். மூட்டைக்கு மூட்டை பெயர் வேறு. சர்க்கார் ஆலையின் சரக்கே 'அரசு' என்றும், 2021லிருந்து 'வலிமை' என்றும் விற்பனைக்கு வருகிறது. (சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவன் பெயர் எந்த மூட்டையிலும் இல்லை, அது வேறு பேச்சு.) மென்பொருளிலும் நிரல் பொதுவுடைமை, பெயரும் சின்னமும் தனியுடைமை என்ற நிலை சர்வசாதாரணம். 2006ல் மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ் பெயரை வைத்துக்கொள்வதானால் சின்னத்தையும் சேர்த்து வைக்க வேண்டும், மாற்றங்களுக்கு எங்கள் சம்மதம் வேண்டும் என்று டெபியனிடம் சொன்னது. டெபியன் பெயரையே கைவிட்டு 'ஐஸ்வீசல்' என்று வைத்துக்கொண்டது. சமரசம் ஏற்பட்டது 2016ல். போலிச் சரக்கிலிருந்து பெயரைக் காப்பதில் நியாயம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் பெயர் ஒரு கம்பெனியின் கையில் சிக்கும்போது என்ன நேரும்? 2010ல் ஓப்பன் ஆபீஸ் ஆரக்கிள் வசம் போயிற்று. உழைத்தவர்கள் பெயரை விட்டுவிட்டு, நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, லிப்ரே ஆபீஸ் என்று துவங்கினார்கள். இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருப்பது அதுதான்.

இனி, நீட்சிகள். மையத்தைச் சிறிதாக வைத்து, மற்றதை அவரவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 2011ல் வந்த க்னோம் 3, சாளரத்தைச் சுருக்கும் பொத்தானைக்கூட முன்னிருப்பில் எடுத்துவிட்டது. பழைய வசதிகளை நீட்சிகளாகத் திரும்பச் சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பல நீட்சிகள் பழுதாயின. பழுதைச் சரிசெய்கிறவர் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து வேலை செய்யும் யாரோ ஒருவர். நீட்சி என்றால் கைவிடப்படக்கூடியது என்று பொருள்.

அப்படியானால் தமிழ் எங்கே இருக்க வேண்டும்? தமிழ்99 விசைப்பலகையை தமிழ்நாடு சர்க்கார் 1999லேயே அங்கீகரித்தது. லினக்ஸில் அது இருக்கிறது. ஆனால் பட்டியலில் தேடிச் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்தத் தேடல் கிடையாது. வண்ணம், படம், அலங்காரம் இவையெல்லாம் நீட்சியாக இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கு வரும் கணினியில் தமிழ் மையத்திலே இருந்தாக வேண்டும்.

இதைக் கேட்க வழியும் உண்டு. இந்தத் திட்டங்களின் பிழைப்பட்டியலில் எவரும் எழுதலாம். நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், அதுதான் வேடிக்கை. ஆசிரியர் தோழர்கள் இங்கே இத்தனை பேர் இருக்கிறீர்கள். முதல் கடிதத்தை இன்று மாலையே உட்கார்ந்து எழுதிவிடலாம்.