கணிப்பொறிக்கு நிபந்தனை கூறல்

மழை பெய்தால் குடை எடுத்துச் செல், இல்லையேல் வேண்டாம் என்று வீட்டில் சொல்லும்போது நாம் தருக்க நூல் பேசுவதாக எண்ணுவதில்லை. ஆயினும், கணிப்பொறிக்கு நிரல் எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே கற்பவை இத்தகைய நிபந்தனைகளே. பைத்தான் மொழியில் இவை 'இஃப்', 'எல்ஸ்' என்னும் சொற்களால் அமையும். சொற்கள் எளியவை, இடர் அவற்றை அடுக்குவதில் இருக்கிறது.

நம் ரயில்வேயின் படுக்கை வசதி வகுப்பை எடுத்துக்கொள்வோம். தனிப் படுக்கை கேளாத குழந்தைக்கு 5 வயது நிரம்பவில்லையேல் கட்டணம் இல்லை. 5 நிரம்பி 12 நிரம்பாதிருந்தால் அரைக் கட்டணம். 12 நிரம்பினால் முழுக் கட்டணம். (படுக்கை கேட்கும் சிறுவர்க்கு 2016 முதல் முழுக் கட்டணம் ஆயிற்று. அது பெற்றோர் கவலை, இங்கு வேண்டாம்.)

புதிதாகக் கற்பவர் இதனை இவ்வாறு எழுதிவிடுவது உண்டு: வயது 12-க்குக் குறைவானால் அரைக் கட்டணம், இல்லையேல், 5-க்குக் குறைவானால் கட்டணமில்லை, அதுவும் இல்லையேல் முழுக் கட்டணம். படிக்கும்போது குற்றம் எதுவும் தோன்றாது. ஆனால், இடுப்பில் அமர்ந்து வரும் 3 வயதுக் குழந்தைக்கும் இந்நிரல் அரைக் கட்டணம் கேட்கும். 3 என்பது 12-க்குக் குறைவன்றோ? பொருந்திய முதல் நிபந்தனையோடு இயந்திரம் நின்றுவிடுகிறது, கீழுள்ளதை நோக்குவதில்லை. இரண்டாம் வரி எவருக்கும் பயன்படாமலே கிடக்கும். சீட்டு கொடுக்கும் எழுத்தர் குழந்தையைப் பார்த்ததும் திருத்திக்கொள்வார். இயந்திரத்திற்கோ எழுதியதே விதி. ஆதலின், குறுகிய நிபந்தனையாகிய 5-ஐ முதலில் வைத்தல் வேண்டும்.

எல்லையிலும் கருத்து வேண்டும். வாக்களிக்கும் வயது 1989-இல் 21-இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. 18 நிரம்பினால் உரிமை உண்டு. நிரலில் '18-ஐ விட மிகுதியானால்' என்று எழுதி, வயதை முழு ஆண்டுகளில் கணக்கிட்டால், 18 நிரம்பியவர் மேலும் ஓர் ஆண்டு காத்திருக்க நேரும். அவ்வாண்டிலேயே தேர்தல் வந்தால் அவர் வாக்கு போயிற்று. '18-க்குச் சமமானாலும் மிகுதியானாலும்' என்று சேர்த்தெழுத அரை நிமிடம் போதும்.

நிரலை எழுதியவர் பெரும்பாலும் தம் வயதையே கொடுத்துப் பார்த்து, விடை சரியென்று மகிழ்ந்துவிடுகிறார். கட்டண நிரலுக்கு 4, 5, 11, 12 ஆகிய நான்கையும், வாக்குரிமை நிரலுக்கு 17, 18 ஆகிய இரண்டையும் கொடுத்துப் பார்ப்போம். பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.