வெயிலில் கைபேசித் திரை தெரியவில்லையா?

(மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டார உழவர்களும் மீனவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் உழவியல் துறை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் துறையிலிருந்து ஒருவர் வந்தால் விதை, உரம், நீர்ப்பாசனம் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியை. இதற்குக் காரணம் உண்டு. விதை, உரம் பற்றிய செய்தியே இப்போது அதன் வழியாகத்தான் உங்களை வந்தடைகிறது. 2018-ஆம் ஆண்டு தமிழக அரசு 'உழவன்' செயலியைக் கொண்டுவந்தது. மானியத் திட்டங்கள், விதை இருப்பு, உர இருப்பு, சந்தை விலை, வானிலை ஆகியவற்றை அதில் பார்க்கலாம். காசிமேட்டிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் கடலுக்குச் செல்வோருக்கு, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் அலையின் உயரத்தையும் ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கணித்து வழங்குகிறது. அதுவும் கைபேசிக்கே வருகிறது.

இவ்வளவு வசதிகளையும் உருவாக்குகிறவர்கள் அறைக்குள் உட்கார்ந்து உருவாக்குகிறார்கள். பயன்படுத்துகிற நீங்களோ வரப்பிலும் படகிலும் நிற்கிறீர்கள். நண்பகல் வெயிலில் திரையைப் பார்த்தால் எழுத்துக்குப் பதில் உங்கள் முகமே தெரிகிறது. இது சிறு தொல்லை என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆனால் இதனால் வரும் இழப்பு சிறியதன்று.

இழப்பு எங்கே வருகிறது?

2024 நவம்பரில் தமிழ்நாட்டில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது, வேளாண் கல்லூரி மாணவர்களும் வயலுக்கே சென்று புல எண்ணையும் பயிரையும் கைபேசியில் பதிவு செய்தனர். இத்தகைய பதிவில் 112/3 என்பது 112/8 என்று விழுந்துவிட்டால் என்ன ஆகும்? வெயிலில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரிவதில்லை. உங்கள் நெல் வேறொருவர் நிலத்தில் நிற்பதாகக் கணக்கு ஏறிவிடும். பின்னர் அதைத் திருத்த அலுவலகத்திற்கு நடையாய் நடக்க வேண்டும்.

பணம் அனுப்புவதும் அப்படியே. உரக் கடை வாசலில் நின்று ரூ.500 என்று நினைத்து ரூ.5,000 அனுப்பிவிட்டால், பிழையை உணர்வதற்குள் பணம் போயிருக்கும். கடலுக்குப் புறப்படுமுன் பார்க்கும் காற்று எச்சரிக்கையில் ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால், அது உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வெயிலில் திரை தெரியாதபோது, ஊகித்து எதையும் அழுத்தாதீர்கள்.

ஏன் தெரிவதில்லை?

ஒளியின் அளவை 'லக்ஸ்' என்று குறிப்பர். டியூப்லைட் எரியும் வீட்டுக்குள் 200 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். நண்பகல் நேரடி வெயிலிலோ ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதாவது வீட்டினுள் இருப்பதைப்போல் 200 மடங்குக்கு மேல். கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. வானமும், பக்கத்துச் சுவரும், நீங்கள் உடுத்தியிருக்கும் வெள்ளைச் சட்டையும் திரையில் எதிரொளித்து, திரை தரும் ஒளிக்கு ஈடாக நிற்கின்றன. எழுத்து அதில் கரைந்துவிடுகிறது.

நம் கண்ணும் ஒரு காரணம். வெயிலில் கண்மணி சுருங்கிக்கொள்வதால் மங்கிய திரை மேலும் மங்கலாகத் தோன்றுகிறது. நிழலுக்கு வந்தவுடன் படிக்க முற்படாமல் ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது காரணம் சூடு. சூழல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கைபேசியைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி உற்பத்தியாளர்கள் சிலர் கூறுகின்றனர். நமக்கோ கத்திரி வெயில் நாள்களில் 40 டிகிரியும் தாண்டுகிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளத் திரை ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். நிழலில் வைத்துத் தானாக ஆறவிடுங்கள். தண்ணீரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக் கெட்டுவிடும்.

செய்ய வேண்டியவை

1. காலை மாலை வேளையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் திரைமேல் விழுமாறு பிடியுங்கள். சூரியனைப் பார்த்து நின்றால் திரையில் நேர்வெயில் படாவிட்டாலும், வெயில் பட்ட வெள்ளைச் சட்டை அதில் எதிரொளிக்கும்.

2. உச்சி வெயிலில் நம் நிழல் காலடியில்தான் விழும், அது உதவாது. அப்போது கறுப்புக் குடையே சிறந்த துணை. குடை இல்லையெனில் அடர்ந்த நிறத் துண்டைத் தலைக்குமேல் போர்த்தி அதற்குள் வைத்துப் பாருங்கள். பம்புசெட் கொட்டகையும் புளியமரமும் பக்கத்தில் இருந்தால் நான்கு அடி நடப்பதில் நட்டமில்லை.

3. திரை ஒளியை முழு அளவுக்கு உயர்த்துங்கள். ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் உணர்வி பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில் இருக்கும். அதன்மேல் அழுக்கோ, உறையின் விளிம்போ, விரலோ மறைத்தால், இருட்டு என்று எண்ணிக் கைபேசி ஒளியைக் குறைத்துவிடும்.

4. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இரவுக்குச் சரி. வெயிலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தே தெளிவாகத் தெரியும். எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

5. எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசியும் கடற்கரையில் உப்புக் காற்றும் திரையில் படிகின்றன. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத் துகள் கீறல் போடும். கீறல் ஒவ்வொன்றும் வெயிலைச் சிதறடிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பின்னர் உலர்துணியால் துடையுங்கள். ஒட்டுக் கண்ணாடிக்கு அடியில் காற்றுக் கொப்புளம் இருந்தால் எதிரொளி கூடும், மாற்றிவிடுங்கள்.

6. குளிர்கண்ணாடி அணிந்திருக்கும்போது திரை கறுத்துத் தெரிந்தால் கைபேசியைக் குறுக்காகத் திருப்பிப் பாருங்கள். சில வகைக் குளிர்கண்ணாடிகள் திரையின் ஒளியை ஒரு கோணத்தில் தடுத்துவிடும்.

7. புதிதாக வாங்கும்போது கடையின் உள்ளே மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தெருவிற்கு எடுத்து வந்து வெயிலில் பிடித்துப் படித்துப் பாருங்கள். திரையின் ஒளியை 'நிட்' என்ற அளவால் குறிப்பர். 400, 500 நிட் திரையைவிட 1,000 நிட்டுக்கு மேற்பட்ட திரை நம் வயலுக்கு ஏற்றது.

பயிரைப் படம் எடுக்கும்போது

நோய் கண்ட இலையைப் படமெடுத்து அனுப்பி மருந்து கேட்கும் வழக்கம் பெருகிவிட்டது; நல்ல வழக்கம். ஆனால் உச்சி வெயிலில் எடுத்த படத்தில் இலையின் நிறம் வெளுத்துப்போகிறது. படம் தெளிவாக விழுந்ததா என்று திரையிலும் தெரிவதில்லை. நெல்லில் குலைநோயின் புள்ளி கண் வடிவில், நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். துத்தநாகக் குறைபாட்டில் நட்ட 2 முதல் 4 வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பயிர் குன்றி நிற்கும். நிறம் தெரியாத படத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிவது அரிது. குறைபாட்டிற்குப் பூசணக்கொல்லி தெளித்தால் காசுதான் வீண். அதற்கு வேண்டியது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்.

ஆகவே காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ படமெடுங்கள். அவசரமெனில் உங்கள் நிழலை இலைமேல் விழச் செய்து எடுங்கள். இலை ஒன்று, முழுப் பயிர் ஒன்று, வயல் ஒன்று என மூன்று படம் வேண்டும். அனுப்புமுன் நிழலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் காதால் கேளுங்கள்

விசைப்படகில் சுக்கான் அறையின் நிழல் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களின் பைபர் படகில் அதுவும் இல்லை. மேலே வெயில், கீழே நீரின் பளபளப்பு. அங்கே எவ்வளவு நல்ல திரையும் தோற்றுப்போகும். ஒலிக்கு வெயில் தடையில்லை.

புதுச்சேரிக் கடற்கரையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராமத் தகவல் மையத் திட்டத்தில், வீராம்பட்டினத்தில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அதை ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்ததால் மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர்.

இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது. உழவர்கள் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தை, கட்டணமின்றி, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைத்துத் தமிழிலேயே ஐயம் கேட்கலாம். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எழுத்தோடு குரல் செய்தியும் அனுப்பும்படி வேளாண் அலுவலர்களையும் மீன்வள அலுவலர்களையும் கேளுங்கள். அலுவலர்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே. வெயிலில் உழைப்பவருக்குச் செய்தி அனுப்புகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பணம் அனுப்புமுன் தொகையையும் பெறுபவர் பெயரையும் நிழலில் நின்று வாய்விட்டுப் படியுங்கள். பயிர்ப் பதிவுக்கு வருபவரிடம், "தம்பி, இப்படி நிழலுக்கு வந்து புல எண்ணைப் படித்துக் காட்டு" என்று கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.