சதுப்பு குடிக்கும் தண்ணீர் யார் கணக்கு?

(பேச்சின் எழுத்து வடிவம்)



வயலுக்குப் பாயும் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. மில்லுக்குப் போகும் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. ஆற்றின் வழியில் கோரையும் நாணலும் மண்டிய சதுப்பு நிலம் குடிக்கிறதே, அந்தத் தண்ணீருக்கு என்ன கணக்கு? அங்கே பயிர் விளைவதில்லை. ஆகவே அதை "நஷ்டம்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரிதானா? நைல் நதியை வைத்துப் பார்ப்போம்.

விக்டோரியா ஏரியிலிருந்து வரும் வெள்ளை நைல், தென் சூடானின் தட்டையான சமவெளியில் கரை புரண்டு பரவுகிறது. அங்கே உள்ள பெரும் சதுப்புக்கு சட் என்று பெயர். அரபு மொழியில் "அடைப்பு" என்று பொருள். ஆள் உயரத்துக்கும் மேலே வளரும் பாப்பிரஸ் அங்கே காடாக நிற்கிறது. அதுவும் நம் கோரையின் இனம்தான்.

சதுப்பு குடிப்பதை எப்படி அளப்பது? முதல் வழி, வரவு செலவுக் கணக்கு. மேலே மொங்கல்லாவில் நுழையும் நீரை அள, கீழே வெளியேறும் நீரை அள, கழித்துப் பார். 1905 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,700 கோடி கன மீட்டர் நுழைந்தது; சுமார் 1,400 கோடி வெளியே வந்தது. ஏறக்குறைய பாதி காணோம்! 1961க்குப் பிறகு விக்டோரியா ஏரி உயர்ந்தது. 1980 வரையான சராசரி வரவு சுமார் 5,000 கோடியாயிற்று. வெளியே வந்ததோ சுமார் 2,100 கோடிதான். ஏன்? நீர் கூடினால் சதுப்பு அகலும். அகன்றால் ஆவியாவதும் கூடும். ஆகவே "நஷ்டம்" என்பது நிலையான தொகை அல்ல. ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இரண்டாவது வழி, பரப்பை ஆழத்தால் பெருக்குவது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மீட்டர் ஆழ நீர் ஆவியானால் 10 லட்சம் கன மீட்டர் போயிற்று. ஆனால் அந்தச் சதுப்பின் மீதே மழையும் பெய்கிறது. அதுவும் ஆவியாகிறது. அந்த மழையைக் கழிக்காமல் முழுவதையும் ஆற்றின் தலையில் ஏற்றினால் கணக்கு பொய்யாகும்.

ஆழம் எவ்வளவு? அங்கேயும் சச்சரவுதான். வெயில், காற்று, ஈரம் இவற்றை வைத்துக் கணித்தவர்கள் ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் என்றார்கள். 2004இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு சுமார் 1.6 மீட்டர் என்றது. ஆனால் சதுப்பின் பரப்பு முன்பு நினைத்ததைவிட மிகப் பெரிது என்றும் சொன்னது. அளவுகோல் மாறினால் விடையும் மாறுகிறது. இப்படிப்பட்ட எண்ணை நம்பித்தான் வாய்க்கால் வெட்டப் புறப்பட்டார்கள்.

யார் புறப்பட்டார்கள்? 1882 முதல் எகிப்து பிரிட்டிஷ் பிடியில் இருந்தது. லங்காஷயர் மில்களுக்கு எகிப்தின் பருத்தி வேண்டும். பருத்திக்குக் கோடையில் தண்ணீர் வேண்டும். 1904இல் வில்லியம் கார்ஸ்டின் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சதுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரை நேரே கொண்டுபோகலாம் என்று அறிக்கை தந்தார். 1959 ஒப்பந்தத்தில் எகிப்தும் சூடானும் நைலைப் பங்கிட்டுக்கொண்டன: எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர். சதுப்பிலிருந்து மிச்சம் பிடிக்கும் நீரில் ஆளுக்குப் பாதி என்றும் எழுதினார்கள். 1978இல் ஜோங்லெய் வாய்க்கால் வேலை தொடங்கியது. நீளம் 360 கிலோமீட்டர். மிச்சமாகும் என்று போட்ட கணக்கு, ஆண்டுக்குச் சுமார் 470 கோடி கன மீட்டர்.

சதுப்பை நம்பி வாழும் டிங்கா, நூவர், ஷில்லுக் மக்களின் பங்கு அந்த ஒப்பந்தத்தில் எங்கே? வெள்ளம் வடிந்த நிலத்தில் முளைக்கும் பசும்புல்தான் கோடையில் அவர்கள் மாடுகளுக்குத் தீனி. தேங்கும் நீரில்தான் மீன். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வடியாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் பால் இல்லை. இதற்குப் பெயர் நஷ்டமா?

1974இல் ஜூபாவில் எதிர்ப்பு வெடித்தது; உயிர்கள் பலியாயின. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டது. மூன்றில் இரண்டு பங்கு வெட்டிய நிலையில் வேலை நின்றது. தண்ணீர் ஓடாத அந்தப் பெரும் பள்ளம் மாடுகளின் பாதையை மறித்துக் கிடக்கிறது.

தோழர்களே, எகிப்தின் ஏழை விவசாயி நமக்குப் பகைவன் அல்ல. அவனுக்கும் தாகம் உண்டு. 2019 முதல் வந்த பெருவெள்ளங்களில் தென் சூடானில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். 2022இல் வாய்க்கால் பேச்சு மீண்டும் எழுந்தபோது, வெள்ளம் வடிய வழி வேண்டும் என்றவர்களும் உண்டு, சதுப்பு செத்துவிடும் என்று எதிர்த்தவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் கணக்கு முழுமையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு போயிற்று என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்த நீரால் எத்தனை மாடு மேய்ந்தது, எத்தனை குடும்பம் மீன் பிடித்தது என்பதையும் எழுத வேண்டும். எழுதும் இடத்தில் அந்த மேய்ப்பனும் மீனவனும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் "வீண்" என்று யாராவது சொன்னால், யாருக்கு வீண் என்று கேளுங்கள்!