வான் காட்டும் கணிப்பொறி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சனிப்பெயர்ச்சி எந்நாள் என்னும் வினாவால் நம்மவர் இல்லங்களிற் பல பிணக்குற்றதை யாவரும் அறிவோம். மீனராசிக்குச் சனி புகுவது 2025 மார்ச் 29 எனத் திருக்கணிதம் கூறிற்று. 2026 மார்ச் 6 என வாக்கியம் கூறிற்று. திருநள்ளாற்றுத் திருக்கோயிலார் வாக்கியத்தையே தழுவினர். ஒரு கிரகத்தின் பெயர்ச்சிக்கு ஏறக்குறைய ஓராண்டு வேற்றுமை! இதனிடையே மணநாளைத் தள்ளி வைத்தோரும் உளர். பரிகாரத்தை இருமுறை செய்து பொருள் இழந்தோரும் உளர். ஆயின் மெத்தை மீதேறி, சனி எவ்விடத்து நிற்கின்றது என்று அண்ணாந்து நோக்கியவர் எத்தனை பேர்?

நோக்கினும் அடையாளம் அறியோம் என்பீர்கள். உண்மையே. கவலை இறைத்த நம் பாட்டன்மார் ஆறுமீனின் சாய்வு கண்டும் விடிவெள்ளியின் எழுச்சி கண்டும் இராப்பொழுதை அளந்தனர். மின்விளக்கும் கடிகாரமும் வந்தபின் அவ்வறிவு நம் கையைவிட்டு நழுவிற்று. அதனை மீட்டற்கு ஒரு துணைக்கருவி இருத்தலையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

அதன் பெயர் ஸ்டெல்லேரியம். 2000-ஆம் ஆண்டில் பாபியன் செரோ என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கணிப்பொறி மென்பொருள். பின்னர்ப் பல நாட்டார் கூடி வளர்த்தனர். விலை இல்லை. ஒருமுறை பொறியில் ஏற்றிவிட்டால் பின்னர் இணையம் வேண்டுவதில்லை. கொல்லிமலை உச்சியிலும் வேலை செய்யும். ஆறு இலட்சம் விண்மீன்கள் அளவில் அதனுள்ளே அடங்கியுள்ளன. ஊரையும் நாளையும் நாழிகையையும் குறித்தால், அவ்வேளை அவ்வூர் வானம் திரையிற் தோன்றும். ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் காற்று மண்டலம் நீங்கிப் பட்டப்பகலிலும் மீன்கள் தெரியும். ‘ஜீ’ என்பதை அழுத்தினால் தரை மறைந்து கீழ்வானமும் காணப்படும். இருளிற் கண் கூசாதிருக்கத் திரை முழுவதையும் செந்நிறமாக்கும் வழியும் உண்டு. காலத்தை முன்னும் பின்னும் ஓட்டலாம். பாட்டனார் பிறந்த இரவின் வானத்தையும் பேரன் காணலாம்.

இது மேனாட்டார் புதுமை என்று ஒதுக்குவார்க்கு ஒன்று சொல்வோம். 1825-இல் சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன் என்பார் ஒரு செய்தி வரைந்துள்ளார். புதுச்சேரியைச் சார்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றி, தரையிற் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தனராம். தொடக்கம் நான்கு நிமிட அளவே பிழைத்தது. முடிவோ ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிழைத்தது. சோழியும் நினைவுமே அவருடைய கணிப்பொறி! அவர்தம் திறம் வியக்கத்தக்கதே, குறை வாய்பாட்டினுடையது. வானத்தோடு ஒத்து நோக்கித் திருத்தாத வாய்பாடு காலந்தோறும் விலகிக்கொண்டே செல்லும். இதனை நன்குணர்ந்தவர், சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார். 1867-இல் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்த அப்பெரியார், கண்ணாற் கண்டதோடு பொருந்தும் கணிதமே பஞ்சாங்கத்துக்கு வேண்டும் என வாதாடினார். திருக்கணிதம் பிறநாட்டுச் சரக்கு என்பார் அவரை மறந்தனர் போலும்.

எனினும் மென்பொருள் வழக்கை முழுதும் தீர்க்கும் என்றல் மிகை. சனி நிற்கும் இடத்தை அது காட்டும். இராசியின் எல்லை எங்கே தொடங்குகின்றது என்பது நூலோர் வகுத்த வரம்பு. ஆயினும் இரு பஞ்சாங்கங்களின் வேற்றுமை, பல முழுமதிகளை அருகருகே அடுக்கிய அகலம் உடையது. எது வானோடு ஒத்தது என்பதை வெறுங்கண்ணாலும் தேரலாம். பரிகாரம் செய்வதும் விடுவதும் அவரவர் மனம். பார்த்துவிட்டுச் செய்க என்பதே நம் வேண்டுகோள்.

நம் சேலம், நாமக்கல் சமவெளிக்குரிய சில செய்திகள். இந்திய மணிக்கணக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. நாம் 78 பாகையை ஒட்டியுள்ளோம். ஆதலின் இங்கே உச்சிப்பொழுது சராசரி 12 மணி 17 நிமிடத்துக்கே நிகழும். தீர்க்கரேகையால் மட்டும் சென்னைக்கும் சேலத்துக்கும் எட்டு நிமிட வேற்றுமை உண்டு. சென்னைக்கு எழுதிய இராகுகாலத்தை நாமக்கல்லில் நிமிடம் தவறாது காப்போர் இதனைச் சிந்திக்க. மற்றும், நம் அட்சரேகை தாழ்ந்ததாதலின் துருவமீன் வடவானில் பன்னிரண்டு பாகைக்குள் தாழ்ந்து நிற்கும். புகையும் தெருவிளக்கும் அதனை எளிதில் மறைக்கும். கைம்மாறாகத் தென்வானம் நமக்கு விரிந்து கிடக்கின்றது. ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து காணவியலாத திரிசங்குவைச் சித்திரை இரவிற் பத்து மணியளவில் நம் களத்துமேட்டிலிருந்தே காணலாம்.

நம் கோரிக்கை சிறிது. 2011 முதல் மேனிலைப் பள்ளி மாணாக்கர்க்கு அரசினர் அளித்த மடிக்கணினிகள் பல வீடுகளிற் பரண்மேல் உறங்குகின்றன. அவற்றுள் இரண்டொன்றை நம் மாணாக்கர் விடுதிக்கு அளிக்க வேண்டுகின்றோம். பழம்பொறிக்கு மென்பொருளின் முந்தைய பதிப்பே போதும். பெண்மக்கள் விடுதியையும் மறவாதீர். இரவில் மெத்தைக்கு வரலாகாது என அவர்களைத் தடுப்போர், தாயொருத்தி உடனிருக்க ஏற்பாடு செய்தல் தகும்.

2019 டிசம்பர் 26 காலை கோவை, திண்டுக்கல் வழியே கங்கண சூரிய கிரகணம் சென்றபோது, நம்மவருட் பலர் கதவடைத்து உள்ளிருந்தனர். 2031 மே 21-இல் மதுரை வழியே மற்றொன்று வருகின்றது. அன்று நம் ஊரில் ஞாயிறு எவ்வளவு மறையும் என்பதை மாணாக்கர்கள் இம்மென்பொருளில் ஊரும் நாளும் இட்டுக் கண்டு, அடுத்த கூட்டத்தில் நமக்கு உரைப்பாராக. வெறுங்கண்ணால் ஞாயிற்றை நோக்கலாகாது என்பதையும், அதற்குரிய கண்ணாடியை முன்னரே சேகரிக்க வேண்டும் என்பதையும் பொருளாளர் குறித்துக்கொள்வாராக.