மனநோயாளரும் திருக்கோயிலும்

(மார்சிலிங் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா வேளையில் மனநோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். பொருந்தும். வீட்டில் ஒரு பிள்ளை உறக்கமின்றித் தனியே பேசத் தொடங்கினால், யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்வதாக அஞ்சி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டால், பல குடும்பங்கள் முதலில் வருவது கோயிலுக்குத்தான். அர்ச்சனை செய்வர், கையில் கயிறு கட்டுவர், நேர்த்திக்கடன் வைப்பர். இதில் தவறேதும் இல்லை. அதற்கடுத்து, எவரோ சொன்னார் என்று செய்வினை எடுப்பவரைத் தேடிச் செல்வதுதான் துன்பத்தின் தொடக்கம். பணமும் போகும், மாதங்களும் போகும். மருத்துவரின் வாசல் கடைசி வாசலாகவே நிற்கும். முதல் வாசலுக்கு வந்தவரிடம் சொல்லவேண்டியதை அங்கேயே சொல்லிவிடுவதே முறை.

சிங்கப்பூரில் 2016இல் நடைபெற்ற மனநல ஆய்வு, ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனுமொரு மனநலச் சிக்கலுக்கு ஆளாகின்றார் என்று கண்டது. அவர்களுள் முக்கால் பங்கினருக்கும் மேற்பட்டோர் மருத்துவரையோ ஆலோசகரையோ நாடவில்லை என்பதே அதைவிடக் கவலை தருவது. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில் சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகின்றது. இதனை உணர்ந்தே மனநலக் கழகம் 2001இல், இளையரிடையே இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சையளிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதியவர்கள் இன்றும் 'உட்பிரிட்ஜ்' என்றே அழைக்கும் மருத்துவமனைதான் 1993இல் புவாங்கோக்கிற்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகமாயிற்று. கட்டடம் மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. அப்பழைய பெயரை வசைச்சொல்லாக வீசும் வழக்கம் மட்டும் சில இல்லங்களில் மாறவில்லை.

'மருந்தெல்லாம் மேல்நாட்டார் சரக்கு. உடம்பைக் கெடுத்துவிடும்' என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சர்ப்பகந்தாவின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது. பாரத நாட்டு வைத்தியர்கள் பித்துக்கு இம்மூலிகையின் வேரை நெடுங்காலம் வழங்கி வந்தனர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், அது மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதை எழுதி வெளியிட்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து 'ரிசர்பின்' பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் நியூயார்க்கில் நேதன் கிளைன் என்பார் அதனை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். நவீன மனநோய் மருந்துகளின் விடியற்காலத்தில் நின்ற இரண்டு மூன்று மருந்துகளுள் ஒன்று இம்மண்ணின் வேரிலிருந்து வந்தது. பின்விளைவுகள் காரணமாகப் பின்னர் அதனினும் சிறந்தவை அதன் இடத்தைப் பிடித்தன என்பது வேறு செய்தி. மருந்துக்கு நாடும் மதமும் கிடையா.

ஆயினும், மருந்து ஒன்றே போதும் என்பாரும் முழுமையாகச் சொல்பவர் அல்லர். மருந்து காதில் கேட்கும் பொய்க்குரலை அடக்கும், அச்சத்தைத் தணிக்கும். காலையில் எழுந்து குளித்து வேலைக்குச் செல்லும் பழக்கத்தை அது மீட்டுத் தராது. இழந்த தன்னம்பிக்கையையும் தராது. அதற்கு உளவியலாளருடன் அமர்ந்து பேசும் சிகிச்சை வேண்டும். வீட்டார் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். உறக்கம், உணவு, உடற்பயிற்சி, செய்வதற்கு ஒரு வேலை ஆகியவை வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில் 1957 முதலே நோயாளருடன் குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை நடைமுறையில் இருந்து வருகின்றது. உலகின் பல மருத்துவமனைகள் குடும்பத்தாரை வாயிலோடு திருப்பியனுப்பிய காலம் அது.

இதில் கோயிலுக்கு என்ன இடம்? இதற்கு விடை கூறும் ஆய்வொன்று தமிழ்நாட்டிலேயே நடந்துள்ளது. வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசாமி என்னும் அடியாரின் நினைவாக அமைந்த கோயில் ஒன்று உண்டு. மனநோயாளரை அழைத்துவந்து அங்கே தங்கவைப்பது சுற்றுவட்டார மக்களின் நெடுநாள் வழக்கம். பெங்களூரின் தேசிய மனநல நரம்பியல் நிலையத்தைச் சேர்ந்த இரகுராமும் அவர்தம் குழுவினரும் அங்குத் தங்கிய 31 பேரை, வந்தபோது ஒருமுறையும் புறப்படும்போது ஒருமுறையும் முறையாகச் சோதித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இவ்வாய்வு வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியந்தது.

அங்கே நடந்தது என்ன? பேயோட்டவில்லை, சாட்டையால் அடிக்கவில்லை, சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. உறவினர் ஒருவர் துணையிருக்க, நோயாளர் கட்டணமின்றித் தங்கினார். காலைப் பூசையில் கலந்துகொண்டார். பிரகாரத்தைப் பெருக்கினார், செடிகளுக்கு நீர் ஊற்றினார். அவரை எவரும் ஏளனம் செய்யவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' எத்தனை வீடுகளில் கிடைக்கின்றது?

இவ்வாய்வைக் காட்டி, கோயிலே போதும், மாத்திரை வேண்டா என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. 31 பேர் என்பது சிறு எண்ணிக்கை. கோயிலுக்குச் செல்லாத நோயாளரோடு அவர்கள் ஒப்பிடப்படவும் இல்லை. இருபது விழுக்காடு குறைந்தது என்றால் எண்பது விழுக்காடு எஞ்சியுள்ளது என்பதும் கணக்குத்தானே! திருச்சிக்கு அருகே காவிரிக் கரையில் உள்ள குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடும் மரபு உண்டு. அக்கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு நிலையமும் அமைந்து, மனநல மருத்துவர் வந்து பார்க்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு. பின்பற்றத்தக்கது இம்முறையே.

மருத்துவம் முற்றிலும் விலக்கப்பட்ட இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, அங்கே தர்காவைச் சுற்றியிருந்த தனியார் காப்பகங்களுள் ஒன்றில் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். பெற்றவர்களே நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டுச்சென்ற பிள்ளைகள் அவர்களுள் இருந்தனர். பிழை வழிபாட்டில் இல்லை, சங்கிலியில்தான். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் நோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. ஏர்வாடித் தர்காவிலேயே பின்னர் அரசு மனநல மருத்துவர்கள் அமர்ந்து, வேண்டுதலோடு மருந்தும் வழங்கும் 'தவா–துவா' திட்டம் வந்தது.

இனி, மார்சிலிங் வாழ் அன்பர்களுக்கு நேரடியாகப் பயன்படும் சிலவற்றைச் சொல்லவேண்டும். சிவபெருமானும் கண்ணபிரானும் ஒருங்கே எழுந்தருளியுள்ள ஆலயம் இது. மகா சிவராத்திரிக்கு இரவு முழுவதும் கண்விழிப்பதும் கிருஷ்ண ஜெயந்திக்கு நள்ளிரவு வரை காத்திருப்பதும் பக்தர்க்கு இயல்பு. ஆனால் இருதுருவ மனநோய் உள்ளவருக்கு ஓரிரவு உறக்கம் கெடுவதே மிகையெழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். அவர் முதற்கால பூசையைத் தரிசித்துவிட்டு வீடு சென்று உறங்குவதே சிறப்பு.

விரதத்தில் மேலும் கவனம் தேவை. இருதுருவ நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்னும் மருந்து, உடலின் உப்போடும் நீரோடும் நெருங்கிய தொடர்புடையது. உப்பில்லா விரதம் இருந்தாலோ, நீரருந்தாமல் வெயிலில் வியர்க்க வியர்க்கக் காவடி சுமந்தாலோ, சிறுநீரகம் அம்மருந்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். கை நடுங்கும், வாந்தி வரும், கால் தள்ளாடும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. அக்கோலத்தைக் கண்டு 'அருள் வந்துவிட்டது' என்று சுற்றியிருப்போர் கையெடுத்துக் கும்பிட்டு நின்றால் நிலைமை என்னாகும்! மனச்சிதைவுக்கான மருந்துகள் சிலவும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைப்பவை. ஆகவே, காவடிக்கோ தீமிதிக்கோ பதிவு செய்யுமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம். மருந்தை நிறுத்திவிட்டு விரதம் இருப்பதாக எவரும் நேர்ந்துகொள்ளலாகாது. அம்மருந்துகளுள் பல எடையையும் சர்க்கரையையும் கூட்டுவன. இந்தியரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதால், அன்னதானத்தில் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை பரிமாறும் அன்பும் சற்று அளவோடு இருப்பது நன்று.

அருள் வந்து ஆடுவதெல்லாம் நோயா என்று கேட்பார்கள். அன்று. சடங்கு முடிந்ததும் தெளிந்து, மறுநாள் வேலைக்குச் செல்பவரை மருத்துவரும் நோயாளர் என்பதில்லை. சடங்குக்கு வெளியேயும், வாரக்கணக்கில், உறக்கமும் உணவும் வேலையும் குலைந்து போவதுதான் நோயின் குறி.

வீட்டாருக்கு ஒரு சொல். 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நோயை மறைத்து மணமுடிப்பது, நோயாளருக்கும் வந்த பெண்ணுக்கும் இழைக்கும் கொடுமை. மணமகள் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று மாத்திரையை ஒளித்துவைத்து, பிறகு நிறுத்தியும் விடுகின்றனர். நோய் திரும்புகின்றது. நன்றாக இருக்கின்றார் என்பதற்காக மருந்தை நிறுத்துவதும் இதே வகையே. அவர் நன்றாக இருப்பதற்கு மருந்தும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகின்றனர். குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். அதுவும் சிறிது சிறிதாக.

தொண்டூழியர்களின் பங்கு பெரிது. குணமாகி வரும் ஒருவருக்குப் பூத்தொடுக்கவோ காய்கறி நறுக்கவோ பாத்திரம் துலக்கவோ கிழமைக்கு ஒருநாள் இடம் கொடுத்தால், வேலாயுதம்பாளையம்புதூரில் நிகழ்ந்தது மார்சிலிங்கிலும் நிகழலாம். அவரிடம் நோயைப்பற்றி விசாரிக்க வேண்டியதில்லை. வெங்காயம் எவ்வளவு நறுக்கவேண்டும் என்று சொன்னால் போதும்.

செலவைப் பற்றிய அச்சமும் உண்டு. உட்லண்ட்ஸ் பலதுறை மருந்தகத்தில் முதலில் காட்டி, அங்கிருந்து கடிதம் பெற்று நிபுணரிடம் சென்றால் மானியக் கட்டணம் கிடைக்கும். மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, இருதுருவ நோய், மனப்பதற்றம் ஆகியவற்றின் வெளிநோயாளர் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தையும் பயன்படுத்தலாம். மனம் உடைந்த நிலையில் எவருடனேனும் பேசவேண்டுமெனில், 2025 ஜூன் முதல் 1771 என்னும் தேசிய எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றது. நோயாளர்தாம் அழைக்கவேண்டும் என்பதில்லை. மகன் அறையின் வெளியே நின்று என்ன செய்வதென்று அறியாது தவிக்கும் தாயாரும் அழைக்கலாம்.