புழுதி விதைப்பும் அயல்நாட்டுப் பயணமும்

அயல்நாட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றிவர முன்திட்டம் பலமா, பாரமா என்னும் வினாவில், அது பலமே என்று நிறுவ இவ்வணி வந்திருக்கிறது. திட்டம் என்றால் மணிக்கணக்கில் வகுத்த கால அட்டவணை என்று எதிரணியினர் பொருள்கொண்டு, அந்த அட்டவணையைத் தாக்குகின்றனர். அதில் நியாயம் உண்டு. எத்தனை மணிக்கு எந்த அருவி என்று எழுதிவைத்து ஓட்டுகிறவர் அருவியைவிடக் கைக்கடிகாரத்தையே அதிகம் பார்ப்பார். இவ்வணி திட்டம் என்று சொல்வது வேறு: வழியில் என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காதவை எவையோ, அவற்றை வீட்டை விட்டுக் கிளம்புமுன் முடித்துக்கொள்வதே திட்டம்.

இந்தப் பொருளில் திட்டமிடுதல் கரிசல் சீமைக்குப் புதிதன்று. கோவில்பட்டி வட்டாரத்தின் மானாவாரி நிலத்தில், அதாவது மழையை மட்டுமே நம்பிய நிலத்தில், ஐப்பசி மழை எந்த நாளில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. இறங்கிவிட்டாலோ கரிசல் மண் குழைந்து ஏரிலும் காலிலும் அப்பிக்கொள்வதால், ஈரம் சற்று வாங்கும்வரை உழவர் வயலுக்குள் கால்வைக்க முடியாது. ஆகவே மழையை எதிர்பார்க்கும் காலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, காய்ந்த புழுதியில் ஐந்து செ.மீ. ஆழத்தில், நனைத்து உலர்த்திப் பதப்படுத்திய விதையை இட்டுவிடுகின்றனர். மேலாகத் தூறும் சிறுமழைக்கு ஏமாந்துவிடாமல், மண் நனைய மழை பெய்த பின்னரே அவ்விதை முளைக்கிறது. 1901ஆம் ஆண்டு முதல் இவ்வூரில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் பருவத்துக்கு முந்திய இவ்விதைப்பைப் பரிந்துரைக்கிறது. மழை வரும் நாள் உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்த முறைக்குத் தேவையே இராது. நிச்சயமின்மைதான் முன்னேற்பாட்டைக் கேட்கிறது என்பதை இம்மண் அறிந்திருக்கிறது.

இனி அயல்நாட்டுக்கு வரலாம். கோவில்பட்டிக்காரருக்கு மிக அருகிலுள்ள அயல்நாடு இலங்கை. வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சென்னையைவிடக் கொழும்பே இவ்வூருக்குப் பக்கம். இந்த அண்மை ஒரு மயக்கத்தைத் தருகிறது. மொழி புரியும், அங்கும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுகின்றன, பிறகு எதற்குத் திட்டம் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை பயணிகளுக்கானது. அதில் சொந்த வண்டியைக் கொண்டுபோக இயலாது. வேறு சரக்குவழியில் அனுப்புவதானால் 'கார்னே' என்னும் சுங்க ஆவணம் வேண்டும். வண்டியை அந்நாட்டில் விற்காமல் திருப்பிக் கொண்டுவருவதாகப் பிணைத்தொகை கட்டி உறுதியளிக்கும் ஏடு அது. ஆகவே பெரும்பாலோர்க்கு மதுரையிலிருந்து விமானமும், இறங்கிய ஊரில் வாடகை வண்டியுமே வழி.

அடுத்தது பருவம். ஆடி மாதத்து மேல்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கோவில்பட்டிக்கு வெறும் புழுதியை அள்ளி வருகிறது. இலங்கையிலும் அதே காற்று காலி, கொழும்புப் பக்கத்தை நனைத்து, நடுமலையைத் தாண்டியதும் வறண்டு, மட்டக்களப்பில் 'கச்சான்' என்ற பெயரோடு வீசுகிறது. ஆக, இங்கே புழுதி பறக்கும் மாதங்களில் அங்கே கிழக்குக் கரை ஓட்டுவதற்கு ஏற்றது; இங்கே விதை முளைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அதே கரையை அடைமழை வளைக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அத்தீவில் வெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்து மலையகச் சாலைகளைத் துண்டித்தது. கரிசல் காட்டு மழையில் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே மண் இறுகிச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிட, குச்சியால் குத்தி எடுத்துப் பழகியவருக்கும், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான வளைவில் சாலையே சரிந்து கிடப்பது பழக்கமில்லாத ஆபத்து.

மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது உரிமத்தைப் பற்றியே. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உள்நாட்டு உரிமத்தைப் பிற நாட்டார் படித்தறிய உதவும் துணை ஆவணம்; வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதை ஓராண்டுக்கு வழங்குகிறது. உள்நாட்டு உரிமத்தில் எந்த வகை வண்டி பதிவாகியிருக்கிறதோ, அந்த வகைக்கு மட்டுமே அது கிடைக்கும். இலங்கையில் அந்த அனுமதியும் தனித்துப் போதாது. அதைக் காட்டி அந்நாட்டின் ஒப்புதலையும் பெற வேண்டும். கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கம் நெடுங்காலமாக அவ்வொப்புதலை வழங்கிவந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள் என்னும் பொது விடுமுறை; சங்க அலுவலகத்தை மட்டுமே நம்பி வெள்ளி இரவு இறங்குகிறவருக்குத் திங்களன்று பௌர்ணமியானால் மூன்று நாள் அறையில் இருப்புத்தான். வியட்நாமிலோ நிலைமை இன்னும் கடுமை. இந்தியா வழங்கும் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையைச் சார்ந்தது, வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைச் சார்ந்தது. எனவே முறையாக வாங்கிய தாளும் அங்கே உதவாது. செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டியவருக்குப் பயணக் காப்பீடு கைகொடுப்பதும் அரிது. கை முறிந்து மருத்துவமனையில் கிடக்கும்போது இந்த வேறுபாட்டைக் கற்பது மிகக் கொடிய பாடம்.

சாலைகளின் இயல்பும் முன்பே அறிய வேண்டியதே. நான்குவழிச் சாலையில் மதுரைக்குப் போய்வரும் பழக்கத்தில் இலங்கையின் அதிவேகப் பாதையில் நுழைய முடியாது. அங்கு மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லை. ஹபரணையிலிருந்து திருகோணமலை செல்லும் வழியிலும், புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் வழியிலும் காட்டு யானைகள் சாலைக்கு வருவதால், பொழுது சாயுமுன் அந்தத் தூரத்தைக் கடந்துவிட வேண்டும். எரிபொருள் நிலவரத்தையும் முன்பே கேட்டறிய வேண்டும்: 2022 பொருளாதார நெருக்கடியின்போது எரிபொருள் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர் என்று அளந்து கொடுத்த நாடு அது.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்றுண்டு. நம் முன்னோர் எந்தத் திட்டமும் இன்றித்தானே கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களுக்கு, வேலை தேடிப் போனார்கள் என்று அவர்கள் கேட்கின்றனர். பஞ்சம் துரத்திய அம்மக்கள் திட்டமின்றிப் போகவில்லை. பிறர் தமக்கென வகுத்த திட்டத்தில் போனார்கள். ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள்கட்டும் கங்காணி வழியையும் கடனையும் தீர்மானித்தான். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்கள் காலராவிலும் பசியிலும் வழிநெடுக மாண்டனர். எங்கே நீர் கிடைக்கும், எந்த மாதம் நடக்கக் கூடாது என்பதை முடிவுசெய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த உரிமை இன்று இவ்வூர் இளைஞரின் கையில் இருக்கும்போது, அதை வீரம் என்ற பெயரில் எறிந்துவிடச் சொல்வது அந்த முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முன்திட்டம் பலமே என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை இவ்வணி வேண்டுகிறது. அவையிலுள்ள இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: இன்றிரவே ஓட்டுநர் உரிமத்தை எடுத்து, அதில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள் பதிவாகியிருக்கிறதா, அது எந்த நாள்வரை செல்லும் என்று பாருங்கள்.