முதல் வருஷமே கையில் கொடுங்கள்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பேசி எனக்கென்று பத்து நிமிஷத்தை மிச்சம் வைத்த அருமை நண்பர் அவர்களே... சிரிக்காதீர்கள், அவர் இன்னும் மேடையில்தான் இருக்கிறார். 

'பொறியியல் கல்வியின் எதிர்காலம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எதிர்காலத்தை ஜோசியர் பார்த்துக்கொள்ளட்டும். நான் முதல் வருஷத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கவுன்சிலிங்கில் இடம் பிடித்து, மெக்கானிக்கல் கனவோடு உள்ளே வருகிற பிள்ளைக்கு முதல் வருஷம் என்ன கிடைக்கிறது? கணக்கு, இயற்பியல், வேதியியல். பன்னிரண்டாம் வகுப்போடு எதிலிருந்து தப்பித்தோம் என்று நினைத்தானோ, அதுவே சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது! ஒர்க்ஷாப் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. இரும்புத் துண்டை அரத்தால் ராவி ஒரு வி-ஜாயிண்ட், மரத்தில் ஒரு டி-ஜாயிண்ட், தகரத்தில் ஒரு தட்டு, மாடிப்படி விளக்குக்கு ஒரு ஒயரிங். நல்ல பயிற்சிதான். ஆனால் ஏனுங்க, அந்த வி-ஜாயிண்ட் எந்த மெஷினில் போய் உட்காரும்? எதிலும் உட்காராது. மார்க் போட்டதும் ஸ்கிராப் டப்பா. அடுத்த வருஷம் அதே துண்டு துரு துடைத்து, எண்ணெய் பூசி, ஜூனியர் கையில் மறுபடி வந்து நிற்பதும் உண்டு. கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தாலே யார் யார் அப்படிப் பாஸானவர்கள் என்று தெரிகிறது.

அந்த ஒர்க்ஷாப்பில் காக்கிச் சட்டையில் ஒரு மனிதர் நிற்பார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவார். இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். தேடாதீர்கள்! லேத் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, "டூல் மழுங்கிடுச்சு கண்ணு, நிறுத்து" என்பார். எம்.டெக். படித்த நாங்கள் மீட்டரைத் தேடிக்கொண்டிருப்போம். பாடத்திட்டம் போடுகிற கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது.

சரி, முதல் வருஷத்தை விடுங்கள், நாலாவது வருஷம் புராஜெக்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கடையில்! ரெடிமேடாகத் தொங்குகிறது. சர்க்யூட், ரிப்போர்ட், வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்பது வரைக்கும் ஒரே பேக்கேஜ். அங்கே வாங்குகிற பிள்ளையை நான் திட்ட மாட்டேன். மூன்று வருஷம் ஒரு திருகைக்கூடக் கழற்ற விடாமல் வைத்துவிட்டு, நாலாவது வருஷம் திடீரென்று "கண்டுபிடி" என்றால் எங்கே போவான்?

திட்ட வேண்டியவர்கள் வேறு. பைபாஸ் முழுக்க ஹோர்டிங் வைத்திருக்கிறார்களே, '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று! தமிழ்நாட்டில் 400-க்கு மேல் பொறியியல் கல்லூரி. போகிற வழியெல்லாம் 100 சதவீதம் என்றால், வேலையில்லாமல் நிற்கிற பையன் எந்தக் கல்லூரியில்தான் படித்தான் சாமி?

போதும், விட்டுவிடுகிறேன். இல்லை, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளாளர், ஊர் வேண்டாம், பேர் வேண்டாம், ஒர்க்ஷாப்பில் பாதியை இடித்து ஏசி செமினார் ஹால் கட்டினார். திறப்பு விழாவுக்கு என்னையே பேசக் கூப்பிட்டார். தலைப்பு என்ன தெரியுமா? 'மேக் இன் இந்தியா'!

விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் நீடம் என்று ஒரு ஊர். அங்கே ஓலின் என்று ஒரு பொறியியல் கல்லூரி. முறையான முதல் வகுப்பு 2002-இல் தொடங்கியது. அதற்கு முந்தின வருஷமே 30 பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாடம் எப்படி இருக்கணும்? எங்களோடு சேர்ந்து நீங்களும் உருவாக்குங்கள்" என்றார்கள். அப்போது ஒரு சோதனை. பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பிள்ளைகளிடம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செய்யுங்கள், 5 வாரம் டைம் என்றார்கள். அதேதான்! கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டி 94-க்குக் கீழே போனால் அடிவயிறு கலங்குமே, அந்தக் கிளிப்!

அதற்குள் இருப்பது இரண்டு ஒளி. ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் சிவப்பை அதிகம் உறிஞ்சும். விரலைத் தாண்டி வருகிற ஒளியின் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். சொல்வது சுலபம். விரல் ஆடும். ரூம் லைட் உள்ளே புகும். நாடித்துடிப்போ அதில் ஒரு சின்ன அசைவு. அதைப் பிரித்து எடுக்க வேண்டும், பெருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளால் முடியாது என்றுதான் ஆசிரியர்களே நினைத்தார்கள். முடித்தார்கள்! ஆஸ்பத்திரிக் கருவி மாதிரி அழகாக இல்லை, வேலை செய்தது.

இதில் எனக்குப் பிடித்தது கருவி அல்ல. ஃபில்டர் என்றால் என்ன, நாடித்துடிப்பின் அலையை எந்தக் கணக்கு பிரிக்கும் என்று பிள்ளைகளே தேடி ஓட வேண்டிய நிலைமை வந்தது பாருங்கள், அதுதான். நம்ம ஊரில் கணக்கு வாத்தியார் பிள்ளைகளைத் துரத்துகிறார். அங்கே பிள்ளைகள் கணக்கைத் துரத்தினார்கள். கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு அப்படிப் பேப்பரில் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்கா எதற்கு? இதே கோவையில் ஒருவர் இருந்தார். பள்ளிப்படிப்பு பேருக்குத்தான். வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதற்காக ஓட்டலில் சர்வர் வேலை செய்து, 300 ரூபாயோ 400 ரூபாயோ சேர்த்து, அதையே வாங்கி, வாங்கியதும் என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? அக்கக்காகக் கழற்றிப் போட்டார்! இவ்வளவு கைதட்டலுக்குப் பிறகு ஜி.டி. நாயுடு என்று நான் பேர் வேறு சொல்ல வேண்டுமா? 1937-இல் மின்மோட்டார் செய்த கூட்டத்தில் அவர் இருந்தார். 1945-இல் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பேரில் இங்கே பொறியியல் கல்லூரி வரக் காரணமாக இருந்தார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. நாலு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. அந்தக் கல்லூரிப் பதவியை வீசிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் போதும் என்பதை நானும் முழுசாக ஏற்க மாட்டேன். ஆனால் கழற்றிப் பார்க்காதவன் படித்தவன் இல்லை என்கிற அந்தக் கோபம் நியாயமான கோபம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எங்கேயாவது முதல் வருஷப் புராஜெக்ட் வைத்தாலும் நாலு பேர் குழுவில் என்ன நடக்கிறது? பையன் சால்டரிங் அயர்னைப் பிடிப்பான். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா, நீ ரெக்கார்டு எழுது" என்று பெண் பிள்ளையை ஓரமாக உட்கார வைப்பார்கள். மார்க் நாலு பேருக்கும் ஒன்று. இப்படி நடத்துவதற்கு வி-ஜாயிண்டே மேல். அதையாவது ஆளுக்கொன்று ராவ வேண்டும். குழுவில் ஒவ்வொரு கையும் கருவியைத் தொட்டதா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். பேராசிரியருக்கு அதற்கு நேரமில்லை, பேப்பர் பப்ளிஷ் பண்ண வேண்டும். வேறு யார் பார்ப்பார்? மறுபடி அவரிடம்தான் வருகிறேன், அந்தக் காக்கிச் சட்டைக்காரரிடம்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். பம்ப் கம்பெனி முதலாளிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். வாரண்டியில் திரும்பி வந்த மோட்டார், காயில் எரிந்த பம்ப், பேரிங் போன கிரைண்டர், இதையெல்லாம் எடைக்குப் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியில் முதல் செமஸ்டருக்குள்ளேயே நாலு பிள்ளைக்கு ஒன்று என்று இறக்கிவிடுங்கள். ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்து ஓட வைக்கட்டும். அதற்கு மார்க் போடட்டும். கல்லூரி முதல்வர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறீர்கள். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் அந்தக் காக்கிச் சட்டைக்காரருக்கு ஒரு நாற்காலி போடுவீர்களா மாட்டீர்களா? கை தூக்குங்கள் பார்க்கலாம்... இரண்டு. அந்தப் பக்கம் ஒன்று, மூன்று. மற்றவர்களைக் கூட்டம் முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொள்கிறேன்.